ஓர் எழுத்துப் பிழை

ஆய்வகத்தின் தலைவி காலையிலிருந்து நாலாவது முறையாக வந்து நின்றதும் ஆராய்ச்சி மாணவி மைக்ரோஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தாள்.

“மீன் முட்டையெல்லாம் பாத்தாச்சா?”

“பாத்துட்டேன் மேடம். முதல் தட்டுல நாம நினைச்ச மாதிரியேதான். கரு வளர்றதுக்கு வேண்டிய அந்த ஜிங்க் ஃபிங்கர் ஜீனை முழுசா எடுத்ததுல, ரத்தமும் ஊறல, இதயமும் துடிக்கல.”

“ரெண்டாவது தட்டு?”

அவள் இரண்டாவது தட்டை மைக்ரோஸ்கோப்பின் கீழ் நகர்த்தினாள். அதே ஜீனில் ஒரே ஒரு டி.என்.ஏ எழுத்தை மட்டும் பிழையாக்கச் சொல்லி, போன வாரம் மேடம்தான் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்திருந்தார்.

“அது சொதப்பிடுச்சு மேடம். நாப்பது முட்டையிலயும் இதயம் துடிக்குது. ரத்தமும் சிவப்பா ஓடுது. பிழை உள்ளயே போகல போலிருக்கு. ஊசி போட்டதுல என் கைதான் எங்கயோ தப்பியிருக்கும். திரும்பச் செஞ்சிடறேன்.”

திட்டு விழப்போகிறது என்று தலை குனிந்துகொண்டாள். மேடமோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நாப்பதுமா? நல்லாப் பாத்தியாம்மா?”

“ரெண்டு தடவை எண்ணினேன். அந்தப் பிழையை எந்தக் கட்டுரையில எடுத்தீங்க மேடம்? தேடித் தேடிப் பாத்தேன், எங்கயுமே இல்ல.”

“கட்டுரையில இல்லம்மா. என் பொண்ணு வயித்துல இருக்கிற குழந்தையோட ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட்ல.”

மாணவி மறுபடியும் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். நாற்பது இதயங்களும் துடித்துக்கொண்டுதான் இருந்தன. தன் கை எங்கேயும் தப்பியிருக்கக் கூடாதே, பிழை உள்ளே போயும் இவை துடிக்க வேண்டுமே என்று நினைத்தபடி, டி.என்.ஏ-வைச் சோதிக்க ஒரு முட்டையைத் தனியே எடுத்தாள்.