ஜன்னலோர பிளக்பாயின்ட்

ஜமுனா வீட்டில் பல்பு மேல் பல்பாகப் போய், மிக்ஸியும் புகைந்ததால் எலெக்ட்ரீஷியன் தமிழ்வேந்தனைக் கூப்பிட்டாள். அவன் மல்டிமீட்டரைச் செருகிப் பார்த்தான். இருநூற்று முப்பது இருக்க வேண்டிய இடத்தில் முந்நூறு வோல்ட் காட்டியது.

"கம்பத்துல நியூட்ரல் கழண்டுருக்கும்க்கா" என்றான். லைன்மேன் வந்து ஏறி அதை இறுக்கியதும் வீடு முழுக்க இருநூற்று முப்பதுக்கு இறங்கிவிட்டது. ஜன்னலோரத்து பிளக்பாயின்ட் மட்டும் முந்நூறிலேயே நின்றது.

தமிழ்வேந்தன் மெயினை அணைத்துவிட்டு அதன் பலகையைக் கழற்றினான். உள்ளே ஒயரே இல்லை. மறுபடி மீட்டரை வைத்தான். அதே முந்நூறு.

மீட்டரை எடுக்காமலேயே அவன் ஜமுனாவைத் திரும்பிப் பார்த்தான். "இன்னாக்கா இது? பேசாம இத எட்த்துட்டு சிமெண்ட் பூசிடட்டுமா?"

"வாணாம்ப்பா. இது அவரு கையால வெச்சது."

ஜமுனாவின் புருஷன் சகாதேவன் ஏரியில் மூழ்கிப்போய் வருஷங்கள் ஆகிவிட்டன. இறால் பிடிக்கக் கிளம்புமுன் இந்த பாயின்ட்டில்தான் டேப் ரெக்கார்டரைச் செருகுவான். பாட்டு அலறும். தூக்கம் கலைந்த எரிச்சலில் அவள் கத்துவாள். அவன் சிரித்துக்கொண்டே சத்தத்தைக் குறைப்பான். அந்தச் சிரிப்புக்காகவே பல நாள் அவள் முழித்துக்கொண்டே படுத்திருந்திருக்கிறாள்.

ஜமுனா சுவரோரமாகக் குனிந்தாள்.

"யோவ், கொஞ்சம் கொறச்சி வையேன்யா" என்றாள், மெதுவாக.

தமிழ்வேந்தன் கையிலிருந்த மீட்டரில் எண்கள் ஒவ்வொன்றாக இறங்கின. இருநூற்று முப்பதுக்கு வந்ததும் அப்படியே நின்றன.