தவறணைக்காரனைத் தேடுகிறவள்

“அப்படி ஒரு பெயர் இதில் இல்லை,” என்று சொல்லி இராணுவ முகாம் அதிகாரி பட்டியலைக் கவிழ்த்து வைத்தான்.

என் தம்பி நல்லரத்தினத்தின் சைக்கிள் அவனுக்குப் பின்னால் மதிலில் சாய்ந்து நின்றது. கரியரில் தம்பி சுற்றி வைத்த சிவப்புக் கயிறுகூட அவிழவில்லை.

முதல் நாள் காலையில் வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து தோணியில் வந்தவனை, இறங்கின துறையிலேயே பிடித்து ட்ரக்கில் ஏற்றினார்கள். கண்ட சனம் பத்துப் பேர் இருக்கும். எல்லாரும் எனக்கு வந்து சொன்னார்கள், வேறு ஒருவருக்கும் சொல்லமாட்டார்கள்.

தொண்ணூறாம் ஆண்டு அது. பட்டியலில் பெயர் இல்லையென்றால் அப்படியொரு ஆளே இல்லை. பதிவுக் கந்தோரில் இருபத்திரண்டு வருசமாகப் பிறப்பும் இறப்பும் எழுதுகிறவளுக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

“பெயரை எழுதுங்க. எழுதாமல் நான் போகமாட்டன்,” என்று இங்கிலீசில் சொன்னேன்.

அவன் சிரித்தான். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண்கள் ஓரடி விலகினார்கள். விலகட்டும், அதற்காக நானும் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போகவா?

கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தேன். இங்கிலாந்து முத்திரை ஒட்டிய உறையையும் அவன் கண்ணில் படும்படி பக்கத்தில் வைத்தேன்.

தாளில் கிளெக் என்ற குடும்பத்தின் கொடிவழி இருந்தது. முதல் ஆள் நிலக்கரிச் சுரங்கத்தில் கூலி. அவன் மகன் சுரங்க வாசலுக்கு நேரெதிரே பியர் விற்கிற தவறணை திறந்தவன். புத்திசாலி, வேலை முடிந்து வருகிறவன் வேறெங்கே போவான். அதற்குப் பிறகு மகன், பேரன் எல்லாருக்கும் தவறணைதான் தொழில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் பியர் விற்றுத் தண்டம் கட்டியவனும் அதில் இருந்தான்.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, எந்தப் புத்தகத்தில் எத்தனையாம் பக்கத்தில் கண்டது என்று குறித்திருந்தது. குடிசன மதிப்பு, தேவாலயப் பதிவு, கோட்டு வழக்குப் புத்தகம், தவறணை லைசன்ஸ் புத்தகம். ஒன்றையும் விடவில்லை.

கடைசி வரியில் ஜோசப் கிளெக். கப்பலேறி மட்டக்களப்புக்கு வந்து சாராயத் தவறணை நடத்தியவன். அவன் பெயருக்குக் கீழே ஒரு கேள்விக்குறி.

நான் அந்தக் கேள்விக்குறியில் விரலை வைத்தேன். இது நாங்கள்தான், ஜோசப் எங்கள் பூட்டன், இதை எழுதின டொறத்தி கிளெக் எங்களுக்கு அக்கா முறை என்றேன்.

அவன் என் கையைப் பார்த்தான், பிறகு முகத்தைப் பார்த்தான். இந்தக் கறுப்பில் இங்கிலீஸ்காரியா என்று கேட்டான்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குத் தாயின் குடிதான் வம்சம், நிறத்தையும் அந்தப் பக்கமே தந்துவிட்டார்கள் என்றேன். அவனுக்குப் பக்கத்தில் நின்ற சிப்பாய் சிரிப்பை அடக்க முடியாமல் வேறு பக்கம் திரும்பினான். அது எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

“நூறு வருசத்துக்கு முந்திச் செத்த தவறணைக்காரனை முப்பது வருசமாத் தேடுற மனிசி அவ. நேற்றுப் பிடிச்ச ஆளைத் தேடாமல் விடுவாவா?”

அவன் தாளைக் கையில் எடுத்தான். ஒவ்வொரு வரியாக வாசித்தான்.

தம்பியின் பெயரும் துறையும் ட்ரக் நம்பரும் நேற்றே எழுதிப் போட்டாயிற்று என்றேன். சட்டையில் குத்தியிருந்த அவன் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்து, இதைத்தான் இன்றைக்கு எழுதவேண்டும் என்றும் சொன்னேன்.

பட்டியலைத் திருப்பினான். பேனையைத் திறந்து நல்லரத்தினம் என்று எழுதினான்.

அப்பாவின் முதலெழுத்தைப் போடச் சொன்னேன். தேதியைப் போடச் சொன்னேன். இரண்டையும் போட்டான்.

படலைக்கு வெளியே வந்தேன். வரிசையில் நின்ற, கொஞ்சம் இங்கிலீஸ் விளங்குகிற சீதேவிப்பிள்ளை ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். அவளுடைய மகனைக் கொண்டுபோய் ஒன்பது நாள்.

“எங்கட பொடியனையும் அந்தத் தவறணைக்காரன்ட சொந்தத்தில சேர்த்து எழுதுகா.”

அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். நான் கைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து, அதன் பின்பக்கத்தில் அவர்கள் சொன்னதையெல்லாம் எழுதினேன்.

அது டொறத்தியின் கடிதத்தில் முதல் தாள். அதிகாரியிடம் நான் காட்டாத தாள். ‘மதிப்புக்குரிய பதிவாளர் அவர்களுக்கு’ என்று தொடங்குகிறது.

டொறத்தி எனக்கு அக்காவும் இல்லை, தங்கச்சியும் இல்லை. நான்கு மாதத்துக்கு முன் கந்தோருக்கு வந்த கடிதம் அது. இங்கே நேற்றுப் போனவனையே காணோம், இவவுக்கு நூறு வருசத்துக்கு முந்தின தவறணைக்காரன் வேணுமாம் என்று எரிச்சலில் மேசை லாச்சிக்குள் எறிந்திருந்தேன். பதில் ஒரு வரிகூடப் போடவில்லை.

அன்று பின்னேரம் பழைய இறப்புப் புத்தகத்தை இறக்கித் தேடிவிட்டு, அவவுக்கு முதல்முதலாக எழுதினேன்.

‘அன்புள்ள அம்மணிக்கு, ஜோசப் கிளெக் முப்பத்தொரு வயதில் காய்ச்சலில் இறந்தார். கலியாணம் இல்லை, பிள்ளைகள் இல்லை. பதிவின் பிரதி இத்துடன் வருகிறது. ஆனாலும் இங்கே உங்களுக்குப் பதினொரு பேர் சொந்தம் இருக்கிறார்கள். பெயர்கள் கீழே உள்ளன. பிடித்த இடமும் தேதியும் எதிரே உள்ளன. தேடுங்கள்.’