பத்து நிமிஷ உயிர்

மூச்சு நின்று இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் அச்சகக்காரரை விசாரணைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நீளமான அறை. சுவரோரம் அவர் குடும்பத்து முன்னோர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அப்பா.

“வாடா பெரியவனே.”

“தீர்ப்பு சொல்லப் போறது நீங்களாப்பா?”

“நாங்க சாட்சிதான். உனக்கு முன்னாடி நம்ம குடும்பத்துல கடைசியா யார் செத்தாங்களோ, அவங்க சொல்றதுதான் தீர்ப்பு.”

அச்சகக்காரருக்குப் போன மூச்சு திரும்பி வந்த மாதிரி இருந்தது.

“அப்போ அம்மாதானே? எனக்கென்ன பயம்!”

கதவு திறந்தது. உள்ளே வந்தது தம்பி.

“நீயா? நீ... எப்போடா செத்தே?”

“மூணு மாசம் ஆச்சுண்ணே. என் பொண்ணு உனக்கு நாலு தடவை போன் பண்ணினாளாம். நீ எடுக்கல.”

அவருக்கு இருபது வருஷமாகத் தம்பியோடு பேச்சு இல்லை. அச்சகத்துக்கு அடிக்க வந்த பரீட்சை வினாத்தாளை வெளியே விட்டதாக ஜெயிலுக்குப் போனவன் அவன். ‘திருட்டுப் பயலோட எனக்கென்ன உறவு’ என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வந்தார்.

“சொல்லுண்ணே. அந்தத் தாளை எடுத்தது யாரு?”

அங்கே பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

“நான்தான்டா. பழி உன் மேல விழுந்துச்சு. வாயைத் திறக்காம இருந்துட்டேன்.”

“அடப்பாவி!” என்றாள் வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தை.

அப்பா ஆடிப்போய்விட்டார். “பெத்தவன் நானே அவனைத் திருடன்னு நம்பிச் செத்தேனேடா!”

“என்ன தண்டனை வேணும்னாலும் குடுடா” என்று தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார் அச்சகக்காரர்.

“தண்டனை எதுக்குண்ணே? என் பொண்ணை இன்னிக்கும் திருடன் மகள்னுதான் சொல்றாங்க. பத்து நிமிஷம் உயிர் தரேன். போய் உண்மையைச் சொல்லு. கரையேறிடலாம்.”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கண் திறந்தது. பக்கத்தில் மகன். அச்சகத்தை இப்போது நடத்துகிறவன்.

“அப்பா!”

“எல்லாரையும் கூப்பிடுடா...”

“வெளியில நிக்கிறாங்கப்பா. உள்ள விட மாட்டேங்கறாங்க. என்கிட்ட சொல்லுங்க.”

திக்கித் திணறி, ஒன்று விடாமல் சொன்னார்.

“உன் சித்தப்பா ஒரு பாவமும் அறியாதவன்டா. வெளியில போய் எல்லார் முன்னாடியும் சொல்லு. சொல்லுவியா?”

மகன் முகம் வெளுத்துவிட்டது.

“சொல்றேன்ப்பா. சத்தியமா.”

அவர் நிம்மதியாகக் கண்ணை மூடினார். இந்தத் தடவை திறக்கவில்லை.

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். உறவுக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். எல்லோருக்கும் பின்னால், யாரும் கூப்பிடாமலே வந்த தம்பியின் மகள் ஒதுங்கி நின்றிருந்தாள்.

“பெரியப்பா கடைசியா ஏதாவது சொன்னாராண்ணே?”

கூட்டம் மொத்தமும் அவன் வாயையே பார்த்தது.

“சொன்னாரும்மா” என்றான் அவன். “உங்கப்பாவை மன்னிச்சுட்டாராம்.”