நொக்

பாங்காக்கில் பதினெட்டு வருடம் குப்பை கொட்டிய அருமைநாயகம், தன் வீட்டில் சமைத்துப்போட்ட நொக்கை வைத்து நானூறு பக்கத்துக்கு நாவல் எழுதியிருந்தார். பக்கத்துக்குப் பக்கம் நொக் சிரிப்பாள். ஊருக்குத் திரும்பிப் பத்து வருடம் கழித்துச் சுற்றுலாக் குழுவோடு மறுபடி பாங்காக் வந்தவருக்கு, அவள் முந்தாநாள் இறந்துபோன சேதிதான் கிடைத்தது. நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு, அவள் உடலை வைத்திருந்த விகாரைக்குப் போனார்.

அங்கே ஏழு மண்டபத்தில் ஏழு சவப்பெட்டிகள். பலகைகளில் நீளநீளமான பெயர்கள். நொக் என்று எதிலும் இல்லை. ஊதுவத்தி கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் விசாரித்தார்.

"நொக்ங்கிறது வீட்ல கூப்பிடுற பேருங்க. எங்க தெருவுலயே நாலு நொக் இருக்காங்க. முழுப்பேரு என்ன?"

அவருக்குத் தெரியவில்லை. "அவங்களப் பத்திப் புத்தகமே எழுதியிருக்கேன்மா" என்று அட்டையைக் காட்டினார்.

"அப்ப முகத்தைப் பாத்துக் கண்டுபிடிச்சிருவீங்களே. பெட்டிக்கு முன்னால போட்டோ வச்சிருக்கு, போய்ப் பாருங்க."

ஒவ்வொரு மண்டபமாக ஏறி இறங்கினார். மூன்றில் பெண்களின் படங்கள் இருந்தன. மூவருக்கும் அவள் வயதுதான் இருக்கும்.

ஒருத்தியும் சிரிக்கவில்லை.