எல்விஸுக்குக் கண்ணீர் அஞ்சலி

"நாப்பத்தேழாம் ஆண்டு நினைவஞ்சலி. பேரு எல்விஸ் பிரஸ்லி. பெரிய மாலையா போட்டுடு, ரம்யா" என்றான் அஜித்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்து ப்ளெக்ஸ் கடையில், பத்தாவதோடு படிப்பை விட்ட ரம்யாதான் டிசைனர்.

"உங்களுக்கு இன்னா முறைண்ணா? பெரியப்பாவா?"

"ராக் அண்ட் ரோல் ராஜா."

போன மாசம்தான் அந்த ராக் அண்ட் ரோலுக்கே எழுபதாவது பிறந்தநாள் என்று பதினாறுக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு ப்ளெக்ஸ் அடித்துக்கொண்டு போனான். அதற்கு முன்னால் டிரம்ஸ்காரர் ஒருத்தருக்கு அஞ்சலி. கச்சிராயபாளையத்துக் கரும்புக்காரர்களின் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து இசை மன்றம் வைத்திருக்கிறார்களாம். சொந்தத் தாத்தா செத்த நாள் ஒருத்தனுக்கும் தெரியாது. அமெரிக்காக்காரன் செத்த நாள் மட்டும் மனப்பாடம்.

"காத்துக்கு ஓட்டை வெட்டாத. ஒண்ணுகூட வேணாம்" என்றான், வழக்கம்போல.

வெட்டாவிட்டால் முதல் காற்றிலேயே கிழியும்; கெட்ட பேர் கடைக்கு. ரசிகருக்குத் தொழில் தெரியுமா என்ன? முந்தைய தடவைகளில் சொன்னபடி விட்டவள், இந்த முறை அவன் போனில் இருந்த நேரத்தில் நாலு இடத்தில் அரைவட்டமாக வெட்டி, சுருட்டிக் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, தோழி ஷாலினியின் அக்கா குழந்தையைப் பார்க்க வெள்ளிமலைக்குப் போனாள். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. வாசலில் குனிந்து, உள்ளே போய் நிமிர்ந்தாள்.

கூரையில், அவள் போட்ட மாலையோடு எல்விஸ் சிரித்துக்கொண்டிருந்தார்.

அஜித் அண்ணன் கொண்டுவந்து போட்டது என்றாள் ஷாலினி. பக்கத்து வூட்டுக்கு அந்த டிரம்ஸ்காரர். மலையில் கூரை ஒழுகுது, தார்ப்பாய்க்குக் குடுங்கடா என்றால் அஜித்தின் மன்றத்துக் கூட்டாளிகள் கைவிரிப்பார்களாம். செத்த பாட்டுக்காரனுக்கு ப்ளெக்ஸ் என்றால் நான் நீ என்று தருவார்களாம்.

"மத்த வூட்ல சொட்டு ஒழுகல. எங்குளுதுதான்..."

எல்விஸின் காதோரத்திலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. ஷாலினியின் அம்மா சாலம்மாள் குழந்தையின் தூளியை மூன்றாவது முறையாக இடம் மாற்றிக் கட்டிவிட்டுத் திரும்பினாள்.

"ஓட்டை வேணாம்னு அந்தத் தம்பி படிச்சிப் படிச்சி சொல்லுச்சாம். நீ தொழில் தெரிஞ்ச பொண்ணு ரம்யா, நீயே சொல்லு. எவளாச்சும் இப்டி வெட்டுவாளா?"