குளம்புக்கு அடியில்

"போன் பண்ணவன் பேரைச் சொல்லுங்க மேடம். அவன் இந்தத் தெருவுலதான் இருக்கான். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

நசீர் அகமது சாட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டான். ஆம்பூர் தோல் மண்டிக்குப் பின்னாலிருந்த அந்தச் சந்தில் பாதி ஜனம் வாசலுக்கு வந்துவிட்டது.

தமிழினி அசரவில்லை. பள்ளிகொண்டா பக்கத்து விலங்குகள் காப்பகத்தின் டாக்டர் அவள். சாட்டைகளை நிறையப் பார்த்தவள். சந்து முனையில் செங்கல் சூளை லாரி வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"பேர் சொல்லலை. சொல்லியிருந்தாலும் உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

காலையில் வந்த போன். துணியால் வாயைப் பொத்திக்கொண்டு பேசிய குரல். 'நசீரோட வண்டிக் குதிரை, பிஜிலி. பின்னங்கால், இடது. குளம்புக்கு அடியில ஆணி ஏறி முறிஞ்சு சீழ் வெச்சிருக்கு. மேல பாத்தா தெரியாது. இன்னிக்கு சூளைக்கு விக்கிறாங்க. அங்க போய் கல்லு இழுத்தா செத்துடும். சீக்கிரம் வாங்க.' அவ்வளவுதான், இணைப்பு அறுந்துவிட்டது.

வேப்பமரத்தடியில் பிஜிலி காதை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றது.

"எங்க காயம்? நல்லா சுத்திப் பாருங்க டாக்டரம்மா," என்றார் நசீரின் அண்ணன் வஹாப். அந்தக் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். "தோல் ஏத்திக்கினு போவ லோடு ஆட்டோ வாங்கியாச்சு. இனிமே இதுக்கு இன்னா வேலை? தீனிச் செலவு வேற ஜாஸ்தி. சூளைக்காரருக்கு வார்த்தை குடுத்துட்டேன்."

"லேசா நொண்டுதே?"

"கிழட்டுக் குதிரை நொண்டாம, டான்ஸா ஆடும்?"

கூட்டம் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நசீர்.

தமிழினி துணைக்கு அழைத்து வந்திருந்த ஏட்டு ஜெயசீலன் அவள் பக்கம் சாய்ந்தார். "காயத்தைக் கண்ணால பாத்தாத்தான் மேடம் குதிரையை உங்ககிட்ட ஒப்படைக்க முடியும். இல்லன்னா லாரியைத் தடுக்க எனக்கு வழி இல்ல."

தமிழினி குனிந்து பின்னங்காலைத் தொட்டாள். மறு நொடி குளம்பு அவள் காதோரம் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. ஏட்டு அவளைப் பின்னால் இழுத்தார்.

"நசீரைத் தவிர எவனையும் காலாண்ட விடாது." வஹாபின் குரலில் கொஞ்சம் பெருமை. "லாடம் அடிக்க வந்தவனையே உதைச்சுத் தள்ளிச்சு. நானே அந்தப் பக்கம் போவ மாட்டேன்."

மயக்க ஊசி போடலாம். இந்த வயதில் இதயம் தாங்குமா? லாரி மறுபடியும் ஹாரன் அடித்தது.

"நசீர், நீங்க தூக்கிக் காட்டுங்க."

"எவனோ பேஜார் பண்ண போன் போடுவான், நான் காலைத் தூக்கிக் காட்டணுமா? முடியாது." சாட்டை வேப்பமரத்தில் பளீரென்று விழுந்தது.

"ஒண்ணும் இல்லன்னா காட்ட இன்னா பயம்?" என்றார் ஏட்டு.

சூளைக்காரர் லாரியிலிருந்து இறங்கி இவர்களை நோக்கி நடந்து வந்தார். வஹாபுக்குப் பொறுமை போய்விட்டது. "டேய், காட்டித் தொலைடா. பாத்துட்டுக் கிளம்பட்டும்."

"நீங்க சொல்றீங்களேன்னு செய்யறேன்."

நசீர் சாட்டையை வீசிவிட்டு உட்கார்ந்து காலை லேசாகத் தட்டினான். பிஜிலி தானாகவே தூக்கிக் கொடுத்தது. குளம்பைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தமிழினி மண்ணைச் சுரண்டினாள். லாடத்துக்கு உள்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி. அழுத்தியதும் சீழ் பீறிட்டது. ஆணி ஆழத்தில் முறிந்து கிடந்தது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஏட்டு எட்டிப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். "லாரியைத் திருப்பச் சொல்லுங்க பாய். குதிரை காப்பகத்துக்குப் போவுது."

வஹாப் சூளைக்காரரைப் பார்த்துக் கையை விரித்தார். நசீர் மட்டும் காப்பக வண்டியின் கதவு மூடும்வரை கத்தினான். "போன் பண்ணவன் என் கையில கெடைக்கட்டும், அப்புறம் இருக்கு அவனுக்கு."

வண்டி நெடுஞ்சாலை ஏறியதும் தமிழினியின் போன் அதிர்ந்தது. காலையில் வந்த அதே எண். துணி பொத்திய அதே குரல்.

"மேடம், கொள்ளு ஊற வெச்சு நசுக்கிக் குடுங்க. பிஜிலிக்குக் கடவாய்ப் பல்லு இல்ல."

"உங்களாலதாங்க அது பொழைச்சுது. யாருன்னு சொல்ல வேணாம். ஆனா ஜாக்கிரதை, அந்த நசீர் கையில மாட்டிக்காதீங்க."

மறுமுனையில் இப்போது துணி விலகிய குரல்:

"எங்க அண்ணனுக்கு மட்டும் தெரிய வேணாம் மேடம்."