ஆறு இலக்கம்

இரண்டு தாள்களை என் முன்னால் தள்ளி வைத்துவிட்டு, எந்தக் கார்டு வேண்டும் என்று கேட்டாள் வங்கிக்காரப் பெண்.

நீலத் தாளில் இருந்த கார்டுக்கு வருடக் கட்டணம் இல்லை. ஆனால் நாம் போடும் டெபாசிட்டில் முக்கால் பங்குதான் செலவழிக்கலாம். பச்சைத் தாளில் இருந்ததற்குக் கட்டணம் உண்டு, டெபாசிட் முழுவதையும் செலவழிக்கலாம்.

எப்படிப் பார்த்தாலும் என் பணம்தான். என் பணத்தை அவர்களிடம் கொடுத்து, அதையே அவர்களிடம் கடனாக வாங்கி, தேதி தவறாமல் திருப்பிக் கட்டி, நான் யோக்கியமானவள் என்று காட்ட வேண்டும். வெட்கக்கேடு.

ஆனால் பெயர் கெட்டுப்போனவளுக்கு வேறு யார் கார்டு கொடுப்பார்கள்?

பதினான்கு வருடமாக நான் முடி வெட்டும் பார்லரை எனக்கே விற்றுவிடுவதாக முதலாளி அம்மா சொல்லியிருக்கிறார். ஒரு வருடம் பொறுப்பாராம். அதற்குள் என் கிரெடிட் ஸ்கோர் ஏறினால் லோன் கிடைக்கும், கடை என்னுடையது. ஏறாவிட்டால் வேறு யாராவது வாங்குவார்கள். அவர்கள் வைத்துக்கொண்டால் அங்கேயே சம்பளத்துக்கு நிற்பேன்.

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடாதீர்கள், கட்டுவதில் ஒரு நாள்கூடப் பிந்தாதீர்கள் என்றாள் அந்தப் பெண். அவள் காதோரம் தலைச்சாயம் ஒட்டியிருந்தது. வீட்டிலேயே அடித்துக்கொண்டிருக்கிறாள். எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும். இன்னொரு நாளாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

நீலமே போதும் என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா. டெபாசிட்டில் பாதி அவள் பணம். நான் கேட்கவே இல்லை, நேற்று அவளாகவே வந்து கையில் திணித்துவிட்டாள். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு இன்று கூடவும் வந்திருக்கிறாள்.

நீலத்தையே எடுத்துக்கொண்டேன். அடையாள அட்டைக்கு நகல் வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் எல்லோருடைய அட்டைகளும் அக்காவிடம்தான் பத்திரமாக இருக்கும். நான் எழுவதற்குள் அவள் எழுந்து, வாசல் பக்கம் இருந்த ஜெராக்ஸ் மெஷினுக்குப் போய்விட்டாள்.

அந்தப் பெண் திரையில் என் பழைய கணக்கைப் பார்த்தாள். ஒரே ஒரு கார்டு. கட்டாமல் விட்டு, பிறகு மூன்று வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடித்தது. என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

என் தம்பியின் வேலை என்றேன்.

என் பெயரில், என் கையெழுத்தைப் போட்டு வாங்கிய கார்டு. தேய்க்கும் வரை தேய்த்துவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தது. வசூல்காரர்கள் பார்லருக்கே வந்து, ஒரு அம்மாளின் தலைக்கு நான் ஷாம்பு போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார்கள். எனக்கே அப்போதுதான் தெரியும். அந்தக் கார்டைக் கொடுத்த வங்கிக்கு அக்காதான் போய் விசாரித்தாள். நீ வந்தால் அழுதுவிடுவாய் என்று என்னை வர விடவில்லை. திரும்பி வந்து என்னை உட்காரவைத்தாள். பிறகு தம்பியின் பெயரைச் சொன்னாள்.

அந்த மாதம்தான் அவன் புது பைக் எடுத்திருந்தான். எனக்கு அது போதுமாக இருந்தது.

நான் இல்லை, நான் இல்லை என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். அவன் நம்பரை பிளாக் செய்தேன். அவன் கல்யாணத்துக்குப் போகவில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அந்தக் கடனை நானே அடைத்தேன்.

அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு ஒரு சிக்கல் இருக்கிறது என்றாள். சரிபார்க்க ஓடிபி அனுப்ப வேண்டும். ஆனால் அந்தப் பழைய கார்டு வாங்கும்போது கொடுத்த நம்பர்தான் கிரெடிட் ஸ்கோர் பதிவில் இன்னும் என் பெயரில் இருக்கிறது, அதற்குத்தான் போகும். ஆறு இலக்கம் வந்தால்தான் மேற்கொண்டு நகர முடியும். நம்பரில் கடைசி இரண்டு எண்தான் அவளுக்குத் தெரிந்தது. இப்போது யாருக்கு யார் நம்பர் ஞாபகம் இருக்கிறது?

தம்பியிடம்தான் இருக்கும் என்றேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல பெயர் வாங்க அந்தத் திருட்டுப் பயலிடமே போய் நிற்க வேண்டும். போனை எடுத்து, பிளாக்கை நீக்கி, அவன் பெயரைத் திரையில் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். மூன்று வருடம் கழித்து முதல் வார்த்தை என்ன பேசுவது என்று தெரியவில்லை.

அனுப்புகிறேன், கேட்டுச் சொல்லுங்கள் என்று அந்தப் பெண் பட்டனைத் தட்டினாள்.

அக்கா நகல்களோடு வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்று என் தோளில் கை வைத்தாள். அவளுடைய கைப்பையில் ஏதோ டிங் என்றது.

அம்மாவின் பென்ஷனோ, கரண்ட் பில்லோ, கேஸோ, எங்கள் வீட்டில் எதற்கு எண் வந்தாலும் அதைப் படித்துச் சொல்வது அக்காதான். பழக்கதோஷம். ஒரு கையால் போனை எடுத்து, அதே குரலில் படித்தாள்.

“நாலு… ஒன்பது… ஒண்ணு… ஏழு…”

நின்றுவிட்டாள்.

வங்கிக்காரப் பெண் நான்கையும் தட்டிவிட்டு, விரல்களைத் தூக்கியபடி காத்திருந்தாள்.

என் தோளில் இருந்த கை மெல்ல விலகியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. நம்பவைத்துக் கழுத்தறுத்தவளின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. என் கைபேசியில் தம்பியின் பெயர் அப்படியே இருந்தது. அவனுக்கு நான் செய்ததை எந்தத் தவணையில் கட்டுவேன்?

ஆனால் எனக்கு அந்தக் கடை வேண்டும்.

“மிச்சம் ரெண்டையும் சொல்லுக்கா” என்றேன்.